வகுப்பறைக் கதவு பூட்டவில்லை என்று எழுதினால் விசா போய்விடுமா?

டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு கற்பிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் எட்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் இவர். ஹெச்-1பி விசாவில் அமெரிக்கா வந்து இது இரண்டாம் ஆண்டு. அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் என்ற அமைப்புடன் இருப்பது தகுதிகாண் ஒப்பந்தம். கணவரும் ஆறு வயது மகனும் இவருடைய விசாவைச் சார்ந்தே அங்கு இருக்கிறார்கள். இவருடைய வகுப்பறைக் கதவின் பூட்டு சரியாக விழுவதில்லை. சாவியைத் திருப்பிய பிறகும் வெளியிலிருந்து இழுத்தால் திறந்துகொள்கிறது. மூன்று முறை நேரில் சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை. துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் கதவைப் பூட்டி ஒளிந்துகொள்வதற்காகப் போன மாதம் நடந்த லாக்டவுன் பயிற்சியில், விளக்கை அணைத்துப் பிள்ளைகளைச் சுவரோரம் உட்காரவைத்து, தாமும் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி காதோடு காதாக, "மிஸ், உங்கள் வளையல் சத்தம் போடுகிறது, கழற்றிவிடுங்கள்" என்றாளாம். அன்றிலிருந்து கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவதில்லை என்று எழுதுகிறார்.

சனிக்கிழமைகளில் பதினான்கு ஆசிரியர்கள் ஒரு தோழியின் வீட்டில் கூடுகிறார்கள். துப்பாக்கி வன்முறையிலிருந்து பள்ளியைக் காக்க ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒன்றாக உடல்நலக்குறைவு என்று விடுப்பு போட்டுவிடுவது என்பது இப்போதைய திட்டம். இதற்கிடையில் பள்ளி முதல்வர், ஆயுதம் ஏந்தும் பணிக்கு விருப்பமுள்ள ஆசிரியர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்திருக்கிறார். பாதுகாப்பு விஷயங்களை ஈமெயிலில் எழுத வேண்டாம், நேரில் வந்து சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வாசகியின் கேள்விகள் இவை: "நான் குடிமகள் அல்ல, இந்த நாட்டில் இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டா? சங்கத்தில் சேர்ந்தால் விசாவுக்கு ஆபத்தா? வாயை மூடிக்கொண்டு இருந்து, நாளை ஏதாவது நடந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒன்றைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கும், அது காத்திருக்காது.

அந்தப் பையன் சொன்னதை இன்றே எழுதிக் கொடுங்கள்

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "மாமாவின் டிரக்கில் ஒன்று இருக்கிறது, இனி யாரும் என்னைச் சீண்ட மாட்டார்கள்" என்று நண்பனிடம் சொன்னதை நீங்களே கேட்டிருக்கிறீர்கள். பள்ளி ஆலோசகரிடம் நடைபாதையில் வைத்துச் சொன்னீர்கள். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். மாணவர் விவரங்களை வெளியிடக்கூடாது என்னும் ஃபெர்பா சட்டத்துக்குப் பயந்து நீங்கள் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. அந்தச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ஃபெர்பா, பள்ளி வைத்திருக்கும் பதிவேடுகளைப் பற்றியது. நீங்கள் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் பதிவேடு ஆகாது. பதிவேடாகவே இருந்தாலும், பள்ளிக்குள் அதைப் பார்க்க வேண்டிய பொறுப்பில் இருப்பவரிடம் கொடுப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் காவல்துறையிடம் கொடுக்கவும் அதில் விதிவிலக்கு இருக்கிறது.

டெக்சஸில் 2019-இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் அச்சுறுத்தல்களை மதிப்பிடும் குழு ஒன்று பொறுப்பாக இருக்க வேண்டும். ஆலோசகர் அந்தக் குழுவில் இருக்கிறாரா, உங்கள் தகவல் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே குழுவின் பெயருக்கே எழுதுங்கள்: என்ன நாள், எந்த நேரம், எந்த இடம், அவன் சொன்ன சொற்கள், அருகில் யார் இருந்தார்கள். ஐந்து வரி போதும். 'ஆபத்தான பையன்', 'சரியான குடும்பம் இல்லை' போன்ற மதிப்பீடுகள் ஒன்றுகூட வேண்டாம். டெக்சஸில் வெறும் சொல்லுக்காகவே ஒரு சிறுவன் கைதாகலாம். எனவே உங்கள் வாக்கியம் கேட்டதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சனிக்கிழமை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரை ஒருபோதும் எழுதாதீர்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில், ஒரு மாணவன் தாளில் துப்பாக்கியும் குண்டும் வரைந்து வைத்திருந்ததைக் காலையிலேயே ஆசிரியர் பார்த்துவிட்டார். படம் பிடித்து மேலே தெரிவித்தார். பெற்றோரை வரவழைத்துப் பேசினார்கள். பெற்றோர் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை; பையை யாரும் திறந்து பார்க்கவில்லை; பையன் வகுப்புக்குத் திரும்பினான். துப்பாக்கி அந்தப் பையில்தான் இருந்தது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஆசிரியர் தம் கடமையைச் செய்துவிட்டார். அவருக்கு அடுத்த படியில் சங்கிலி அறுந்தது. 2024-இல் அந்தப் பையனின் தாயும் தந்தையும் தனித்தனி விசாரணைகளில் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள்; இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவு 2008 முதல் 2017 வரை நடந்த 41 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2019-இல் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கி பயன்பட்ட சம்பவங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்றில், ஆயுதம் வந்தது தாக்கியவரின் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து. தாக்கியவர்களில் ஐந்தில் நால்வர் சக மாணவர்களின் சீண்டலுக்கு ஆளானவர்கள். பெரும்பாலானோர் முன்கூட்டியே யாரிடமாவது ஏதாவது சொல்லியிருக்கிறார்கள். 'மாமாவின் டிரக்', 'சீண்ட மாட்டார்கள்' என்ற இரண்டையும் அந்தக் கண்ணோடு படியுங்கள். அந்தப் பையன் அப்படி ஏதும் செய்வான் என்று நான் சொல்லவில்லை; பெரும்பாலும் அது வெறும் வீறாப்புப் பேச்சாகவே இருக்கும். ஆனால் அவனைச் சீண்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதைக் கவனிக்க வேண்டியதும் அதே குழுதான்.

நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் அண்ணன், நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்த வீட்டுத் துப்பாக்கியை எடுத்துவிடலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய மாநிலத்தில் அந்த வழி உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. டெக்சஸில் இல்லை. இல்லை என்பது மட்டுமல்ல, அத்தகைய உத்தரவுகளைத் தடுத்தே 2025-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். உங்கள் மாநிலத்தில் இருப்பது வேறொன்று: குண்டு நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாகப் பூட்டிவைக்காமல் விட்டு, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்தால், டெக்சஸ் தண்டனைச் சட்டப்படி குற்றம். சாதாரணமாக அதற்கு அபராதம்தான். அந்தப் பிள்ளை சுட்டு யாருக்காவது மரணமோ கடுங்காயமோ ஏற்பட்டால் ஓராண்டு வரை சிறை. பல பெற்றோருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. இந்த இடத்தில்தான் உங்கள் பதினான்கு பேருக்கு வேலை இருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேண்டாம்

ஊரில் ஆசிரியர் கூட்டணி அழைத்தால் வேலைநிறுத்தம், ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்பு என்பதெல்லாம் உங்களுக்குப் பழகியவை. சங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் அங்கிருந்தே வருகிறது. டெக்சஸில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அங்கே அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை. சங்கம் நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் போடும் கூட்டுப் பேர உரிமையும் ஆசிரியர்களுக்கு இல்லை. ஒழுங்கமைத்து வேலையை நிறுத்துபவர் பணியால் வந்த உரிமைகளையும் சலுகைகளையும் இழக்கிறார் என்று மாநிலச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. எல்லோரும் ஒரே நாளில் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு வேறு பெயர் சூட்டிவிட முடியாது. அதோடு, இல்லாத நோயைக் காரணம் காட்டிய பொய்யும் சேர்ந்துகொள்ளும். உங்கள் தோழிகளுக்கு இதனால் வேலை போகும். உங்களுக்கு வேலையோடு விசாவும் போகும். இதில் நான் இருபக்கமும் எடைபோட்டுப் பார்க்க விரும்பவில்லை. அதில் சேராதீர்கள், அவர்களையும் தடுங்கள்.

அதே சட்டம் இன்னொரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. தனியாகவோ, வேலைநிறுத்த உரிமை கோராத ஒரு சங்கத்தின் வழியாகவோ, பணிச்சூழல் பற்றிய குறைகளை நிர்வாகத்தின் முன்வைக்கலாம் என்கிறது. டெக்சஸில் நான்கு பெரிய ஆசிரியர் அமைப்புகள் செயல்படுகின்றன. இரண்டு தேசியத் தொழிற்சங்கங்களான என்.இ.ஏ., ஏ.எஃப்.டி. ஆகியவற்றின் கிளைகள், மற்ற இரண்டும் மாநில அளவிலானவை. எதில் சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம்; சேர்ந்ததற்காக விசாவைத் தொட எந்த விதியும் இல்லை. உறுப்பினருக்குச் சட்ட உதவியும் பணிசார்ந்த பொறுப்புக் காப்பீடும் கிடைக்கும் என்பதால், உங்கள் நிலையில் இருப்பவர் சேர்வதே நல்லது என்பது என் கருத்து.

சேரும்போது படிவத்தை நிதானமாகப் படியுங்கள். சந்தா வேறு, அரசியல் நிதிக்கு விருப்ப நன்கொடை வேறு. இரண்டும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களாக இருக்கலாம். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர், கூட்டாட்சித் தேர்தல் முதல் உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தல் வரை எதற்கும் ஒரு டாலர்கூட நன்கொடை தரக்கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். பாதுகாப்பைப் பற்றி நன்றாகப் பேசுகிற வாரிய வேட்பாளருக்கு ஆளுக்கு 20 டாலர் என்று சனிக்கிழமை வீட்டில் உண்டியல் சுற்றினால், நீங்கள் தேநீர் போடப் போய்விடுங்கள்.

பேச்சுரிமை உண்டு, ஆனால் எந்த இடத்தில் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது

அமெரிக்காவில் குடியிருக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1945-இலேயே சொல்லிவிட்டது. பொதுப்பள்ளி ஆசிரியருக்கு அந்த உரிமை எவ்வளவு என்பது 1968-இல் பிக்கரிங் வழக்கில் தீர்ந்தது. பள்ளி வாரியம் பணத்தைச் செலவிடும் முறையைக் குறைகூறிச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதிய இல்லினாய் மாநில ஆசிரியர் ஒருவரை வேலையை விட்டு நீக்கினார்கள். பொதுநலன் சார்ந்த விஷயத்தில் குடிமக்களில் ஒருவராக அவர் பேசியதற்குத் தண்டனை கூடாது என்று தீர்ப்பு வந்தது. 1976-இல் விஸ்கான்சின் வழக்கு ஒன்றில், பள்ளி வாரியத்தின் பொதுக் கூட்டத்தில் ஆசிரியர் எழுந்து பேசுவதைத் தடுக்க முடியாது என்றும் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு, எங்கே எதைச் சொன்னாலும் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 2006-இல் கார்செட்டி வழக்கின் தீர்ப்பு, பணிக்கடமையின் பகுதியாகச் சொல்லும் பேச்சுக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு இல்லை என்றது. மறு ஆண்டே அது உங்கள் ஊருக்கு வந்தது. டாலஸ் பள்ளி ஒன்றில் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர், விளையாட்டு நிதி போகும் வழியைக் கேள்வி கேட்டு அலுவலகத்துக்கும் முதல்வருக்கும் குறிப்புகள் எழுதினார், பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், அவை பணிக்குறிப்புகளே என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விசித்திரமாகத்தான் இருக்கும்: பணிவோடு முதல்வருக்கு எழுதினால் பாதுகாப்பு குறைவு, கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் நின்றால் கூடுதல். எனக்கும் அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனால் நடைமுறையில் இருப்பது அதுதான்.

ஆகவே இரண்டு வேலைகளையும் இரண்டு வழிகளில் பிரித்துச் செய்யுங்கள். உங்கள் கதவு, உங்கள் மாணவன் பற்றியவை பள்ளிக்குள் எழுத்தில் போகட்டும். எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான கொள்கை பற்றியவை வாரியக் கூட்டத்தில், பள்ளி நேரத்துக்கு வெளியே, குடியிருப்பவர் என்ற முறையில் பேசப்படட்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்தப் பொருள் பற்றியும் பொதுமக்கள் பேச டெக்சஸ் வாரியங்கள் அனுமதித்தே ஆக வேண்டும். வாரியத்தைக் குறைகூறுவதைத் தடுக்கவும் முடியாது. நிரலில் பாதுகாப்பு இடம்பெறும் மாதத்துக்குக் காத்திருங்கள். பெயரைப் பதிந்து, கொடுக்கும் சில நிமிடத்துக்குள் முடியும்படி எழுதிவைத்துப் படியுங்கள். உங்களுக்குத் தயக்கம் என்றால் குடிமக்களான தோழிகள் பேசட்டும். எழுதித் தருவது நீங்களாக இருக்கலாம்.

பள்ளிக் கணினி, பள்ளி ஈமெயில், பள்ளி நகலெடுக்கும் இயந்திரம் எதையும் இந்தக் குழுவின் வேலைக்குத் தொடாதீர்கள். தேர்தல் பிரச்சாரத்துக்கு அவற்றைப் பயன்படுத்துவது தனிக் குற்றம். அலுவல் பற்றிய செய்தி என்றால், சொந்தத் தொலைபேசியில் அனுப்பியதுகூட மாநிலத் தகவல் சட்டப்படி வெளியே கேட்டுப் பெறக்கூடியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூட்டைப் பற்றி எழுதுங்கள்

ஈமெயிலில் எழுத வேண்டாம் என்று முதல்வர் சொன்னது ஒரு வேண்டுகோள். குறையை எழுத்தில் தரும் உங்கள் உரிமை அதனால் போய்விடாது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. எழுத்தில் இருந்தால் பதில் சொல்ல வேண்டிவரும், அவ்வளவுதான். அந்தப் பதில் சொல்ல வேண்டிய நிலைதான் உங்களுக்குத் தேவை.

2022 மே 24 அன்று உவால்டி ஊரின் ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். காவலர்கள் 77 நிமிடம் காத்திருந்ததை உலகமே பேசியது. அந்த ஜூலையில் டெக்சஸ் சட்டமன்றக் குழு வெளியிட்ட அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. 111-ஆம் அறைக் கதவின் பூட்டு சரியில்லை என்பது பள்ளியில் பலருக்கும் தெரிந்திருந்தது, முதல்வர் உட்பட. ஆனால் அதைப் பழுதுபார்க்க எழுத்தில் ஒரு பணி உத்தரவு போடப்படவில்லை. சாவிகள் போதாமல், கதவுகள் மூடிக்கொள்ளாதபடி கல்லை முட்டுக் கொடுக்கும் பழக்கமும் அங்கே இருந்தது. உங்கள் கடிதத்தில் பூட்டைப் பற்றிய வரிகளைப் படித்தபோது எனக்கு அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

எழுத வேண்டியது மூன்றே வரி. இந்த எண்ணுள்ள அறையின் கதவு, சாவியைத் திருப்பிய பிறகும் பூட்டுவதில்லை. இன்னின்ன தேதிகளில் நேரில் தெரிவித்தேன். பழுதுபார்க்கும் பணி உத்தரவின் எண்ணைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கோபமோ, உவால்டி என்ற பெயரோ அதில் வேண்டாம். பணி உத்தரவு எண் என்று கேட்பதுதான் அதன் முதுகெலும்பு. எண் இருந்தால் அது யாருடைய மேசையிலோ நிற்கும். மாணவர் பெயர் இல்லாத கடிதம் என்பதால் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பையனைப் பற்றிய குறிப்பை மட்டும் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். கொடுத்த தேதியை உங்கள் நாட்குறிப்பில் எழுதினால் போதும். பதில் வராவிட்டால் மாவட்டத்தின் ஊழியர் குறைதீர்ப்பு விதிப்படி முறையீடு செய்யுங்கள். அதற்கு நாள் கெடு மிகக் குறுகியது. ஆகவே அந்த விதியை இப்போதே இறக்கிப் படித்துவிடுங்கள்.

கதவுக்கடியில் நீங்கள் செருகும் மரக்கட்டையை எடுத்துவிடுங்கள். உள்ளிருப்பவர் ஒரே அசைவில் வெளியேறக்கூடியதாகக் கதவு இருக்க வேண்டும் என்பது தீத்தடுப்பு விதிகளின் நோக்கம். நாளை பூட்டைப் பற்றிய பேச்சு கட்டையைப் பற்றியதாகத் திரும்பிவிடும்.

வாரியக் கூட்டத்தில் கேட்க வேண்டியவற்றில் நான் முதலில் வைப்பது மேலே சொன்ன வீட்டுத் துப்பாக்கி விஷயம். 2023-இல் வந்த பள்ளிப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஆயுதம் ஏந்திய காவலர் வேண்டும் என்ற பகுதியைத்தான் எல்லோரும் அறிவார்கள். துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டிவைப்பது பற்றிய தகவலை ஒவ்வொரு மாணவரின் பெற்றோருக்கும் மாவட்டம் வழங்க வேண்டும் என்ற பகுதியும் அதிலேயே இருக்கிறது. உங்கள் மாவட்டம் அதை எப்படி வழங்கியது? ஐம்பது பக்கக் கையேட்டின் நடுவில் ஓர் இணைப்பாகவா, தனித் தாளாகவா? ஸ்பானிய மொழியில் உண்டா? இதைக் கேட்பது துப்பாக்கி உரிமைக்கு எதிரான பேச்சு ஆகாது. துப்பாக்கி வைத்திருக்கும் வாரிய உறுப்பினர்கூட மறுக்கமுடியாத கேள்வி. புதிய சட்டம் கேட்டு மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போவது பெரிய வேலை, பல ஆண்டு வேலை. இருக்கிற சட்டத்தை நடத்திக்காட்டச் சொல்வது பதினான்கு பேரால் முடியும்.

பயிற்சி பற்றியும் கேட்கலாம். தாக்குதலை நடித்துக்காட்டும் பயிற்சி என்றால் முன்கூட்டியே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், பிள்ளைகளின் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று டெக்சஸ் 2021-இலேயே விதித்துவிட்டது. முன்னறிவிப்பில்லாத பயிற்சிகளைக் கைவிடச் சொல்லி இரண்டு தேசிய ஆசிரியர் சங்கங்களும் 2020-இல் ஒரு துப்பாக்கித் தடுப்பு அமைப்போடு சேர்ந்து அறிக்கை வெளியிட்டன. வளையலைக் கழற்றச் சொன்ன சிறுமியைப் பற்றி நீங்கள் எழுதியதை, பெயரில்லாமல், அந்தக் கூட்டத்தில் படியுங்கள்.

ஆயுதம் ஏந்துவோர் பட்டியலில் பெயர் கொடுக்காதீர்கள்

இதில் உங்கள் கொள்கை என்ன என்ற கேள்விக்கே இடமில்லை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். 15 ஆண்டு வரை சிறை, அதற்குப் பிறகு நாடு கடத்தல். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. அவற்றை நம்பி இறங்க வேண்டாம். முதல்வருக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஆயுதம் ஏந்தும் சக ஆசிரியர், "ஒரு நிமிடம் இதைப் பிடியுங்கள்" என்று பையை நீட்டினாலும் வாங்காதீர்கள். உங்கள் தோழிகள் சேர்வதா வேண்டாமா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். மாநிலத்தின் பள்ளி மார்ஷல் திட்டத்தில் 80 மணி நேரப் பயிற்சி உண்டு. வாரியம் எழுத்தில் அனுமதி தந்து நடத்தும் திட்டம் வேறு. அதில் எவ்வளவு பயிற்சி, துப்பாக்கியை எங்கே வைப்பார்கள் என்று அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆபத்தை மறைக்காமல் சொல்கிறேன்

நீங்கள் தகுதிகாண் ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள். மாவட்டத்தின் நலன் கருதி என்று ஒரு வரி எழுதி, ஆண்டு முடிவில் வாரியம் உங்களை நிறுத்திவிடலாம். அதற்கு வழக்கமான மேல்முறையீடு இல்லை. நீங்கள் கூட்டத்தில் பேசியதற்காகத்தான் நிறுத்தினார்கள் என்றால் வழக்கு உண்டு, ஆனால் அதை மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும், விசா அதுவரை காத்திருக்காது. வேலை போனால் பொதுவாக அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு பள்ளி உங்களுக்காக மனுச் செய்ய வேண்டும், அல்லது புறப்பட வேண்டும். விசாக் காலம் முடியும் முன் அவர்களாக நீக்கினால் ஊர் திரும்பும் உங்கள் பயணச் செலவு அவர்களைச் சேர்ந்தது. சட்ட மீறலை நல்லெண்ணத்தோடு உரிய அதிகாரியிடம் தெரிவித்தவரைக் காக்கும் டெக்சஸ் சட்டம் ஒன்றும் உண்டு. அதற்கு 90 நாள் கெடு. எல்லா முறையீடும் அதற்குள் அடங்காது.

இந்தக் கணக்கைப் பார்த்து, மேடையில் பேசுவதை ஒப்பந்தம் உறுதியாகும் வரை தள்ளிவைத்தாலும் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பூட்டுக் கடிதத்தையும் பையனைப் பற்றிய குறிப்பையும் மட்டும் தள்ளிவைக்காதீர்கள். அவை உங்கள் வேலையின் பகுதி. அவற்றால் வரும் ஆபத்து குறைவு, அவை இல்லாமல் வரும் ஆபத்து பெரிது. வர்ஜீனியாவில் 2023 ஜனவரியில் ஆறு வயது மாணவன் தன் ஆசிரியையைச் சுட்டான். அவனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று அன்று ஒன்றுக்கு மேற்பட்டோர் எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பரில் நடுவர் குழு, அதைக் கண்டுகொள்ளாமல் இருந்த பள்ளியின் முன்னாள் துணை முதல்வர் அந்த ஆசிரியைக்கு ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்றது. டெக்சஸ் சட்டம் வேறு. அங்கே பள்ளி ஊழியர்களுக்குச் சட்டப்பாதுகாப்பு அதிகம். எனவே பணத்தை மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. யார், எப்போது, யாரிடம் சொன்னார்கள் என்பதைச் சுற்றியே அந்த வழக்கு நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

எதையும் செய்யும் முன், உங்கள் ஒப்பந்தத்தையும் விசா ஒப்புதல் தாளையும் எடுத்துக்கொண்டு டெக்சஸில் பணிச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் தெரிந்த ஒரு வழக்கறிஞரை ஒரு மணி நேரமாவது பாருங்கள். ஒருவருக்கே இரண்டும் தெரியாவிட்டால் இருவரைப் பாருங்கள். சங்கத்தில் சேர்ந்தால் முதல் பாதி பெரும்பாலும் சந்தாவுக்குள் வந்துவிடும்.

வரும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு, பதினான்கு பேரையும் வெள்ளிக்கிழமை மாலை தத்தம் வகுப்பறைக் கதவைப் பூட்டி, வெளியே நின்று ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். எத்தனை திறந்தன என்று ஒரு தாளில் அறை எண்ணோடு எழுதுங்கள். பேச்சை அந்தத் தாளிலிருந்து தொடங்குங்கள்.